ஒரு மண்டலம் மழை

எங்கள் ஊருக்கும் கோட்டைப்பட்டினத்துக்கும் ஒரே மாவட்டம், ஒரே கலெக்டர். ரேஷன் கடையில் போடுவதும் ஒரே அரிசிதான். இருந்தும் இந்தக் கார்த்திகை வரைக்கும் நான் கடலைப் பார்த்ததில்லை. கொடும்பாளூர்ப் பக்கத்தில் எங்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் கண்மாய்தான். அதிலும் பாதி வருடம் மாடு மேயும். கடற்கரைக்குப் போய் வந்ததிலிருந்து, துபாயிலிருந்து வந்தவனைக் கேட்கிற மாதிரி ஊரில் என்னைக் கேட்கிறார்கள். என்ன சாப்பிட்டாய், எப்படிப் பேசுகிறார்கள், புயலைக் கண்ணால் பார்த்தாயா என்று. வாயால் சொல்ல எனக்கு வராது. நாலு பேர் சேர்ந்து பார்த்தாலே நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அஞ்சாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் தாளைப் பார்த்தால் எனக்குக் கூச்சம் வருவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்குத் தொழில் பந்தல் போடுவது. கோட்டைப்பட்டினத்தில் படகு வைத்திருக்கும் காதர் பாய் வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம். கார்த்திகையில் அந்தப் பக்கத்துப் பந்தல்காரர்கள் எல்லோருக்கும் வேலை இருந்ததால், அது சுற்றிச் சுற்றி என்னிடம் வந்து சேர்ந்தது. சவுக்குக் கம்பு, தகரம், கயிறு, துணி மூட்டை எல்லாவற்றையும் ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். வண்டி கருப்பையாவுடையது. எனக்குச் சேர்த்து அவனே பேசிவிடுவான், அதனாலேயே எனக்கு அவனைப் பிடிக்கும். அந்தச் சமயம் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். மாலை போட்டவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. “சாமி, கொஞ்சம் மெதுவாப் போங்க சாமி” என்று கெஞ்சிக்கொண்டே போனேன்.

கடல் தெரிவதற்கு முன்பே காற்று வந்துவிட்டது. எங்கள் ஊர்க் காற்று பாறையில் முட்டிக்கொண்டு நின்று நின்று வரும். இது நிற்காத காற்று. மணமேல்குடி தாண்டியதும் துணி மூட்டையின் முடிச்சு அவிழ்ந்து, மஞ்சள் பட்டுத்துணி ஒன்று பறந்து போனது. முன்னால் டூவீலரில் போய்க்கொண்டிருந்த ஒரு மீன்காரர் தலையில் அது விழுந்தது. அவர் நிறுத்தவே இல்லை. துணியைத் தலையில் போட்டபடி, ஊர்வலத்தில் போகும் சாமியைப் போல ஓட்டிக்கொண்டே போனார். கருப்பையா சாமி ஹாரன் அடிக்க அடிக்க, வழி கேட்கிறோம் என்று நினைத்து இடது கையைக் காட்டினார். கடைசியில் ஒரு டீக்கடை வாசலில் மடக்கினோம்.

“ஏன்ணே, துணி மேல விழுந்தது தெரியலையா?” என்றான் சாமி.

“தெரிஞ்சுச்சு. வெயிலுக்கு நல்லாருந்துச்சு, அப்புடியே வந்தேன்” என்றார் அவர். மடித்துத்தான் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தத் துணியில் ஏறிய நெத்திலி வாடை போகவே இல்லை.

கடலைப் பற்றி நிறைய எழுதலாம் என்று நினைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், முதலில் பார்த்தபோது ஏமாற்றமாக இருந்தது. அந்தப் பக்கத்துக் கடலில் பெரிய அலை கிடையாது. பெருத்த கண்மாய் மாதிரி சலசலத்துக்கொண்டு கிடந்தது. அக்கரைதான் தெரியவில்லை. படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. பக்கத்தில் நாலு பக்கமும் திறந்த கான்கிரீட் கொட்டகை ஒன்று. மீன் ஏலம் விடுகிற இடம் என்றார்கள். சாமி துண்டால் மூக்கை மூடிக்கொண்டான்.

காதர் பாய் வீட்டில் முதல் கவலையே சாமியின் சாப்பாடுதான். “மாலை போட்ட பிள்ள, நம்ம அடுப்புல ஆக்கினது எப்புடிச் சாப்புடும்?” என்று பாயின் மனைவி மைமூன் அம்மா பதறிப் போய், பின் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் வீட்டில் பேசி, அவர்கள் பாத்திரத்திலேயே சோறும் சாம்பாரும் வரவழைத்துவிட்டார். நான்தான் மாட்டிக்கொண்டேன். எனக்கு இடியாப்பமும் மீன் ஆணமும். குழம்பை அங்கே ஆணம் என்கிறார்கள். தட்டு காலியாவதைப் பார்த்தால் போதும், அடுத்த அகப்பை வந்துவிடும். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கூச்சம். எவ்வளவு சாப்பிட்டேன் என்று எழுதினால் என் வீட்டில் நம்ப மாட்டார்கள்.

மறுநாள் விடிகிற நேரம் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அது முடியட்டும் என்று கிணற்றடியில் ஈரத்துணியோடு காத்திருந்து, பிறகு சாமி சரணம் சொல்ல ஆரம்பித்தான். பாங்கு முடிந்து தொழப் போன காதர் பாய், “நீங்க நிறுத்த வேணாம் சாமி, அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு முழுவதும் பந்தல் போட்டோம். எங்கள் ஊரில் ஒரு குழி போடக் கடப்பாறை வளையும். இங்கே மணல். கம்பை வைத்து அழுத்தினாலே இறங்குகிறது. சுலபமாக இறங்குவது சுலபமாக வெளியேயும் வரும். அதனால் ஒவ்வொரு கம்பின் காலிலும் மணல் மூட்டை வைத்துக் கட்டினோம். உள்ளூரில் இரண்டு பேர் கைகொடுத்தார்கள். மேலே தகரம், கீழே துணி. சாயங்காலம் பார்த்தால் வீட்டு வாசலும் பக்கத்து இரண்டு வீட்டு வாசலும் சேர்ந்து ஒரு மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கூட்டம் சாப்பிட அதுவே பற்றாது, இரண்டு பந்தி வைக்க வேண்டும் என்றார் பாய்.

வேலையைவிட அந்த வீட்டில் எல்லோருக்கும் வானத்தின் மேல்தான் கண். வங்கக் கடலில் ஏதோ ஒன்று உருவாகியிருக்கிறதாம். எங்கள் பக்கம் மழை வந்தால் வந்துவிட்டது என்போம், அவ்வளவுதான். இங்கே அது வருவதற்கு முன்பே சொந்தக்காரரைப் போல விசாரிக்கிறார்கள். எங்கே இருக்காம், எவ்வளவு வேகத்துல வருதாம், நேத்து இருந்ததுக்கு இன்னைக்குத் தேறியிருக்கா, எளைச்சிருக்கா? அன்று அது வெறும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. “பகுதின்னா பயமில்ல” என்றார் பாய். மாப்பிள்ளை துபாயில் வேலை பார்ப்பவர். லீவு கொஞ்ச நாள்தான். ஏற்கெனவே ஒரு தடவை லீவு கிடைக்காமல் தேதி தள்ளிப் போயிருக்கிறது. இந்தத் தடவையும் தள்ளிப்போனால், அடுத்த லீவு எப்போது என்று அவருக்கே தெரியாது. மாப்பிள்ளை வீட்டில் பேச்சு மாறிவிடுமோ என்கிற பயம் மைமூன் அம்மாவின் முகத்திலேயே தெரிந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை நானும் சாமியும் டீக்கடைக்குப் போனோம். சாமிக்கு அங்கே டீ ஆகாது. டிவி பார்க்கத்தான் வந்தான். செய்தியில் ஒரு பெண் சொன்னார், தாழ்வுப் பகுதி இப்போது வலுப்பெற்று தாழ்வு மண்டலமாக மாறியிருக்கிறது என்று.

சாமி என் தோளைத் தட்டினான். “கேட்டியா? மண்டலம்னு சொல்லிருச்சு.”

“அப்புடின்னா?”

“மண்டலம்னா தெரியாதா ஒனக்கு? நான் மாலை போட்டிருக்கிறதே ஒரு மண்டலத்துக்குத்தானே. நாப்பத்தெட்டு நாளுப்பா. நேத்து வரைக்கும் ஏதோ ஒரு பகுதிக்கு மழைன்னானுக. இப்ப கணக்கா ஒரு மண்டலத்துக்குன்னு சொல்லிட்டானுக.”

“நாப்பத்தெட்டு நாளா?”

“கவுருமெண்டுல சொன்னா சரியாத்தான் இருக்கும். இன்னையிலருந்து எண்ணிக்க. தை பொறந்துதான் விடும்.”

சாமி சொன்னால் நான் நம்பிவிடுவேன். மாலை போட்ட வாய் வேறு. டீக்கடையில் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அத்தனை பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்க எனக்கு எப்படி வரும்? வரும் வழியெல்லாம் துணியைப் பற்றியே யோசித்தேன். தை வரைக்கும் நனைந்தால் நூல் நூலாகப் போய்விடும். அதைவிட, தை வரைக்கும் விடாத மழையில் கல்யாணப் பந்தல் யாருக்கு ஆகும்? பாய் பாத்திரம் எடுக்க அறந்தாங்கி போயிருந்தார். வரும்வரை காத்திருக்க வேண்டாம், மழைக்கு முன்னால் துணியையாவது காப்பாற்றுவோம் என்று ஏணியைப் போட்டேன்.

மைமூன் அம்மா வெளியே வந்து பார்த்தார். “என்ன அவுக்குறீங்க?”

“மண்டலமாயிருச்சும்மா” என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. “ஆமா, மண்டலமாயிருச்சாமே. இப்பத்தான் பக்கத்து வீட்லயும் சொன்னாக. பாத்துச் செய்யிங்க” என்று உள்ளே போய்விட்டார். அவர் மனதில் இருந்த மண்டலம் வேறு, என் மனதில் இருந்தது வேறு. இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லி ஒத்துப்போய்விட்டோம். கைகொடுக்க வந்த இரண்டு பேரும், வீட்டுக்காரம்மாவே சொல்லிவிட்டார்கள் என்று தகரத்தில் ஏறிவிட்டார்கள். துணி இறங்கியது. அடுத்து தகரம். அதற்கடுத்து குறுக்குக் கம்பு.

வாசலை ஒட்டிய அறையின் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே கல்யாணப் பெண் ஷமீமா உட்கார்ந்திருந்தது. இரண்டு கையிலும் முழங்கை வரை மருதாணி. காய்கிற வரைக்கும் எதையும் தொடக் கூடாது என்று கையைத் தூக்கிப் பிடித்திருந்தது.

“மாமா, கம்பையுமா கழட்டுறீங்க? சாயந்தரம் என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டுக் கழட்டலாம்ல?”

“பாத்து என்னம்மா ஆகப்போகுது. தை வரைக்கும் விடாதே.”

“தையா? எந்தத் தை?”

“தை மாசம். ஒரு மண்டலம்னா அதுக்குள்ள வந்துரும்ல?”

அந்தப் பிள்ளை என்னை ஒரு நிமிடம் பார்த்தது. பிறகு சிரித்தது பாருங்கள், மருதாணிக் கையால் வாயைப் பொத்தவும் முடியாமல், தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தது. அம்மா ஓடி வந்தார், சித்திமார்கள் வந்தார்கள். ஏணி மேலேயே நின்றேன். இறங்கினால் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

“மாமா, எறங்கி வாங்க. எம்போனை எடுங்க. நான் தொட முடியாது.”

ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் போனை எடுத்தேன். அந்தப் பிள்ளை சொல்லச் சொல்ல விரலால் தள்ளினேன். நீலமாக ஒரு கடல் வந்தது. அதன் மேல் வெள்ளைக் கோடுகள் ஊர்ந்து ஊர்ந்து ஒரு இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன. ஆட்டுக்கல்லில் மாவு சுழல்கிற மாதிரி இருந்தது. கல்யாணத் தேதி குறித்ததிலிருந்து தினமும் காலையிலும் மாலையிலும் இதைத்தான் பார்க்கிறதாம் அந்தப் பிள்ளை.

“மொதல்ல சும்மா காத்து சுத்தும். அது சுழற்சி. கொஞ்சம் கூடிக்கிட்டா தாழ்வுப் பகுதி. இன்னும் வலுத்தா தாழ்வு மண்டலம். மண்டலம்னா நாளுக்கணக்கு இல்ல மாமா, அதோட தரம். நம்ம ஒண்ணாப்பு, ரெண்டாப்புன்னு போற மாதிரி. அதுக்கு மேல ஆழ்ந்த தாழ்வு மண்டலம். அதுக்கும் மேல போனாத்தான் புயல். அப்பத்தான் பேரு வைப்பாங்க.”

“பேரு யாரு வைக்கிறது?”

“அது முன்னாடியே வச்சு வரிசையா இருக்கு. அடுத்த புயலுக்கு என்ன பேருன்னு இப்பவே தெரியும்.”

ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த சாமி, தன் பங்குக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று, “புள்ள பொறக்கிறதுக்கு முந்தியே பேரா? எங்க ஊர்ல பொறந்தப்புறமே ஒரு வருசம் சும்மா ‘தம்பி’ன்னுதான் கூப்புடுவோம்” என்றான்.

“நீங்க பேசாதீங்க சாமி” என்றார் மைமூன் அம்மா. “ஒங்க மண்டலத்தாலதான் எங்க பந்தல் போச்சு.” இப்போது அவரும் சிரித்துவிட்டார்.

சிரிப்பு ஓய்வதற்குள் மழை வந்துவிட்டது. சாய்ந்து சாய்ந்து அடித்தது. அவிழ்த்ததை மறுபடி கட்டலாம் என்று கயிற்றை எடுத்தேன். தகரம் வழுக்கியது. கம்பு மேல் கால் நிற்கவில்லை. ஏறிய ஆளைக் காற்று தள்ளியது. மின்னல் வேறு. மைமூன் அம்மா, “யாரும் ஏறக் கூடாது. கல்யாண வீட்ல ஒருத்தன் விழுந்தா என்ன ஆகுறது?” என்று ஏணியை எடுத்து உள்ளே போட்டுவிட்டார். அடுத்த செய்தியில் அது ஆழ்ந்த தாழ்வு மண்டலமாக ஆகிவிட்டது என்றும், நம் கரைப் பக்கம் வரலாம் என்றும் சொன்னார்கள்.

காதர் பாய் பாத்திர வண்டியோடு வந்து இறங்கியபோது அவர் வாசலில் வெறும் கம்புகள் மட்டும் நின்றன. நடந்ததை மைமூன் அம்மா சொன்னார். பாய் திட்டுவார் என்று நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. குவித்து வைத்த குறுக்குக் கம்புகள் மேல் மழையிலேயே உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

ஊரில் இருந்த கல்யாண மகாலிலும் பள்ளிக்கூடத்திலும் தாழ்வான இடத்து மக்களைக் கொண்டுவந்து தங்க வைத்திருந்தார்கள். நிக்காஹ் பள்ளிவாசலில் நடந்துவிடும். சாப்பாடு? அத்தனை சனத்துக்கு எங்கே பந்தி வைப்பது? சோறு போடாத கல்யாணம் என்று மாப்பிள்ளை வீட்டார் பேச மாட்டார்களா? பாய் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுப் பார்த்தார். எங்கும் இடமில்லை. “தள்ளி வச்சிரலாமா?” என்று அவர் வாயிலிருந்தே ஒரு தடவை வந்துவிட்டது. ஜன்னலில் ஷமீமாவின் தூக்கிய கை இரண்டும் மெல்ல இறங்கின.

அந்த நேரம் ஏலக்காரர் செல்வம் குடையோடு வந்தார். மீன் ஏலம் கூறுகிறவர். குரல் தெருமுனையிலேயே கேட்கும். கடலுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், படகை இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள் என்று பாயிடம் சொல்ல வந்தார். பந்தலைப் பார்த்துவிட்டு நின்றார்.

“என்ன பாய், பந்தலுக்கு முடி எறக்கிட்டீங்க?”

யாரும் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னார்கள்.

“இதுக்கா இம்புட்டு யோசனை? ஏலக்கூடம் சும்மாத்தானே கெடக்கு. நாளைக்கு ஒரு மீனும் வராது. அங்கிட்டு வச்சிக்கிருங்க கல்யாணச் சோத்த. பொண்ணு மாப்புளையையும் நானே ஏலம் போட்டுத் தாரேன்.”

விளையாட்டாகத்தான் சொன்னார். ஜன்னலிலிருந்து ஷமீமா தகப்பனாரைக் கேட்டது, “ஏன் அத்தா, வச்சா என்ன?”

“மீன் கொட்டகையில சம்பந்தியை ஒக்கார வைக்கவா?” என்றார் பாய். “மாப்புளையோட அத்தா செருப்பைக்கூடக் கழட்டாமத் திரும்பிருவாக.”

“மேல கான்கிரீட்டு. பறக்காது. நான் கேட்டுச் சொல்றேன்” என்றது ஷமீமா.

“யாருகிட்ட?”

அது என்னைப் பார்த்தது. போன் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. “மாமா, மேல இருக்கிற நம்பரைத் தட்டுங்க. தட்டிட்டுக் காதுல வச்சுப் பிடிங்க.”

கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண் மாப்பிள்ளையோடு பேசுவதை அந்த வீட்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் யாரும் தடுக்கவும் இல்லை. ஜன்னல் கம்பிக்கு நடுவே கையை விட்டு அந்தப் பிள்ளையின் காதில் போனை வைத்துப் பிடித்தேன். கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் எதிர்வீட்டுப் பூவரச மரத்தையே பார்த்தேன். அந்த மரத்தில் எத்தனை கிளை என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

“நான்தான்... ஷமீமா. இல்ல, கையெல்லாம் மருதாணி. பந்தல்கார மாமா பிடிச்சிருக்காக... அய்ய, போனைத்தான்!”

பின்னால் சித்திமார்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள்.

“பந்தல் இல்ல. சாப்பாடு மீன் ஏலக்கூடத்துல. ஆமா, மீன் விக்கிற எடமேதான். கழுவிருவாங்க. கழுவினாலும் வாடை வரும். இல்லைன்னு நான் பொய் சொல்லல... ஒங்க அத்தாகிட்ட நீங்கதான் பேசணும்.”

பிறகு அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சு. இந்தப் பக்கம் “உம்”, “உம்”. என் கை மரத்துப்போனது. மாற்றிப் பிடிக்கவும் பயம். பாய் கம்புகள் மேலிருந்து எழுந்து நின்றுவிட்டார். கடைசியில் அது சிரித்துவிட்டு, “வைக்கிறேன்” என்றது.

“என்னம்மா சொன்னாரு மாப்புள?” என்றார் மைமூன் அம்மா.

“துபாயில அவுக ரூமே மீன் மார்க்கெட்டுக்கு மேலதானாம். இங்க வந்து அந்த வாடை இல்லாமத் தூக்கமே வரலையாம். அவுக அத்தாகிட்ட அவுகளே சொல்லிக்கிறாகளாம்.”

செல்வம் குடையை மடக்கினார். “அடி சக்க! ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! பாய், பம்பு செட்டு எங்க இருக்கு?”

அதற்குப் பிறகு நடந்த வேலையை நான் என் தொழிலில் எங்கும் பார்த்ததில்லை. கடலுக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்த ஆள்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். மோட்டார் வைத்துத் தண்ணீர் அடித்தார்கள். பிளீச்சிங் பவுடர் போட்டார்கள், சோப்புத் தூள் போட்டார்கள். சாமி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தென்னந்துடைப்பத்தால் தேய்த்தான். மீன் செதில் கால் முழுவதும் மின்னியது.

“சாமி, நீங்க இத செய்யலாமா? வெரதத்துக்கு ஆகாதே” என்றார் செல்வம்.

“நாங் கெளப்பின மண்டலம்ணே, நாந்தான் கழுவணும். ராத்திரி ரெண்டு தடவை குளிச்சுக்கிறேன்.”

நான் தூணுக்குத் தூண் கயிறு இழுத்து உள்ளே துணியைக் கட்டினேன். மேலே பட்டுத்துணி, நாலு பக்கமும் சாரலுக்குத் தகரம். தூண் கான்கிரீட், ஆடாது அசையாது. மணல் மூட்டை தேவையில்லை. அந்த நெத்திலித் துணியை எங்கே கட்டுவது என்று யோசித்துவிட்டு நடுவிலேயே கட்டினேன். அந்த இடத்தில் அதைத் தனியாக யாரும் கண்டுபிடிக்க முடியாது.

கல்யாணத்தன்று காலை எழுந்ததும் நான் முதலில் காற்றைத்தான் பார்த்தேன். காற்று இல்லை. மெல்லிய தூறல். அந்த ஆழ்ந்த மண்டலம் கரைக்கு வருவதற்குள் கடலிலேயே வலுவிழந்து மறுபடி மண்டலமாகி, அப்படியே பகுதியாகிவிட்டதாம். பெயர் வைக்கிற அளவுக்கு அது வளரவே இல்லை. தெருவில் எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். நான் மட்டும் பந்தல் போட்ட வாசலுக்குப் போய் நின்றேன். காதர் பாய் வீட்டு வாசலில் என் கம்புகள் நட்டது நட்டபடி நேராக நின்றன. ஒன்றின் மேல் காகம் உட்கார்ந்திருந்தது. கழற்றாமல் விட்டிருந்தால் பந்தல் அப்படியே நின்றிருக்கும். அந்த வீட்டுக் கல்யாணம் வீட்டு வாசலிலேயே நடந்திருக்கும்.

நிக்காஹ் முடிந்து சனங்கள் ஏலக்கூடத்துக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் வெள்ளைச் சட்டையோடு முதல் படியில் நின்று, தலையைத் தூக்கி மூக்கை உறிஞ்சினார். அவர் துணியைப் பார்த்தார், தூணைப் பார்த்தார். “சாம்பிராணி வாடைதான் வருது. எம்மகன் என்னை ஏமாத்திட்டான்” என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

அதைத் தூரத்திலிருந்து பார்த்ததும் எனக்குப் போதும் என்றாகிவிட்டது. வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். சாமிக்குத் தனியாக இலை போட்டு வாழைக்காய்ப் பொரியலோடு சோறு வைத்திருந்தார்கள். அவன் சாப்பிட்டு வந்ததும் சொல்லாமல் கிளம்பிவிடலாம், சாமான்களை இன்னொரு நாள் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

கண்ணாடியைத் தட்டினார் காதர் பாய். “எங்க ஒளிஞ்சிருக்கீங்க?”

நான் இறங்கினேன். தரையைப் பார்த்துக்கொண்டே, “கழட்டாம இருந்திருந்தா நின்னுருக்கும் பாய்” என்றேன். அந்த ஊரில் நானாக ஆரம்பித்துப் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

“காலையில நானும் பாத்தேன், நின்னுருக்கும். ஆனா ராவெல்லாம் தகரம் யாரு தலையில விழுமோன்னு நான் முழிச்சுக்கிட்டுக் கெடந்திருப்பேன். மக கல்யாணத்துக்கு முந்துன நாளு படுத்ததும் தூங்கிட்டேன். எந்தத் தகப்பனுக்குக் கெடைக்கும்? வாங்க.”

உள்ளே இழுத்துக்கொண்டு போனார். அங்கே இலை கிடையாது. பெரிய தட்டு ஒன்றில் சோற்றைக் குவித்து, நடுவில் கறியை வைத்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சஹன் என்கிறார்கள் அதை. ஒரு தட்டில் மாப்பிள்ளையின் தகப்பனாரும் செல்வமும் உட்கார்ந்திருந்தார்கள். பாய் உட்கார்ந்தார். நாலாவது இடத்தில் என்னை உட்கார வைத்தார். நான் என் அண்ணன் தம்பியோடுகூட ஒரே தட்டில் சாப்பிட்டதில்லை. கையைக் கழுவி மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

யாரும் சாப்பிட ஆரம்பிக்கவில்லை. சோற்றிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் என்னைப் பார்த்தார். செல்வம் பார்த்தார்.

“கைய வைங்க” என்றார் காதர் பாய் மெதுவாக. “நீங்க வைக்காம நாங்க எடுக்க முடியாது.”

சோறு சுட்டது. கையை எடுக்கவில்லை.